மட்டமென்று ஒதுக்கிய கதை மலைபோல் விற்றது ஏன்?

(இலக்கியக் கழகத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்ந்த உரை)



கவிதை பேசும் அவையில் கொலைக்கதை பேசலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுளித்தாலும் குற்றமில்லை. ஆயினும், ஓர் இலக்கியக் கழகம் பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் வேளையில், தன்னை நாடி வந்தவர்களை மட்டுமின்றி, நாடி வராதவர்களையும் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். வராதவர்கள் எல்லாரும் படிக்காதவர்கள் அல்லர். அவர்களுள் பலர் வேறொன்றைப் படித்துக்கொண்டிருந்தார்கள். அது என்ன, அதை ஏன் படித்தார்கள் என்பதே இவ்வுரையின் பொருள்.

அறிஞர் மட்டமென்று ஒதுக்கிய மர்மக்கதை ஒன்று பதிப்பின்மேல் பதிப்பாக விற்கிறது. அறிஞர் போற்றிய நூலோ ஆயிரம் படிகள் அச்சாகிப் பாதிக்குமேல் பரணில் கிடக்கிறது. இதற்கு வழக்கமாக இரண்டு விடைகள் சொல்லப்படுகின்றன. மக்களின் சுவை தாழ்ந்தது என்பது ஒன்று. விற்பதே நல்ல நூல், குறை சொல்வது பொறாமை என்பது மற்றொன்று. முதல் விடை வாசகனைப் பழிக்கிறது. இரண்டாவது விடை விமரிசகனைப் பழிக்கிறது. நூலுக்கும் வாசகனுக்கும் இடையே நடந்தது என்ன என்பதை இரண்டுமே சொல்லவில்லை.

இரண்டு ஊர்கள், இரண்டு கடைகள்

முதலில் நூல் கிடைத்த இடத்தைப் பார்ப்போர்க்குப் பாதி விடை அங்கேயே கிடைக்கும்.

பெரம்பலூரும் அரியலூரும் அண்டை ஊர்கள். 1995இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பிரிந்த பெரம்பலூர் மாவட்டத்தில் அரியலூரும் அடங்கியிருந்தது. 2007இல் அது மீண்டும் தனி மாவட்டமாயிற்று. மானாவாரி நிலத்தில் பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளைவிப்பது பெரம்பலூர்ப் பகுதி. சுண்ணாம்புக் கல்லும் சிமெண்ட் ஆலைகளும் அரியலூர்ப் பகுதியின் அடையாளங்கள். பெரம்பலூர் நகருக்கு இரயில் கிடையாது. அதன் வாழ்வு சென்னை-திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டியது. அரியலூரோ விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்குச் செல்லும் இரயில் பாதையில் இருப்பது. ஆகவே ஓர் ஊர் பேருந்து நிலையத்தால் உலகோடு பேசியது. மற்றோர் ஊர் இரயில் நிலையத்தாலும் பேசியது.

1980களிலும் 1990களின் முற்பகுதியிலும் இத்தகைய ஊர்களில் கவிதைத் தொகுதி ஒன்றை வாங்க விரும்பியவர் திருச்சிக்கோ சென்னைக்கோ செல்ல வேண்டியிருந்தது. செல்ல இயலாதவர் அஞ்சலட்டை எழுதிப் பணவிடை அனுப்பிக் காத்திருந்தார். ஆனால் மாத நாவல் அப்படியன்று. பேருந்து நிலையக் கடையில் கயிறு கட்டிக் கவ்வி மாட்டித் தொங்கிற்று. வாழைப்பழத்துக்கும் வெற்றிலைக்கும் நடுவே, கை நீட்டினால் எட்டும் தொலைவில் இருந்தது. நூறு பக்கத்தை ஒட்டிய அளவு, மட்டமான தாள், சட்டைப்பைக்குள் அடங்கும் வடிவம், சில்லறைக் காசில் தீரும் விலை. திருச்சிக்குப் புறப்பட்டவர் வண்டி கிளம்புமுன் வாங்கி, இறங்குமுன் ஏறக்குறைய முடித்துவிடலாம். முடித்ததைப் பக்கத்து இருக்கைக்காரரிடம் கொடுத்துவிட்டும் போகலாம்.

இது புதிய ஏற்பாடன்று. இங்கிலாந்தில் இரயில் பரவிய காலத்தில், 1848இல், டபிள்யூ. ஹெச். ஸ்மித் நிறுவனம் இலண்டன் யூஸ்டன் நிலையத்தில் புத்தகக் கடை திறந்தது. அதன்பின் பயணிகளுக்கென்றே மலிவு விலைக் கதைநூல்கள் வரிசை வரிசையாக வெளிவந்தன. தென்னிந்தியாவில் அப்பணியைச் செய்தது 1844இல் சென்னையில் தோன்றிய ஹிக்கின்பாதம்ஸ். பயணம் என்பது வேலையுமில்லாத, உறக்கமுமில்லாத, பேச்சுத் துணையுமில்லாத பொழுது. அப்பொழுதை நிரப்பும் பொருளாக நாவலை முதலில் கண்டவர் விமரிசகர் அல்லர், கடைக்காரர். வாசகன் எங்கே இருக்கிறானோ அங்கே நூலைக் கொண்டுசேர்த்தது அந்தக் கண்டுபிடிப்பு. ஒரு நூல் பெருவாரியாக விற்பதற்கு முதற்காரணம் இது. இதில் இலக்கியத் தரத்துக்கு எந்தப் பங்கும் இல்லை.

நூறாண்டுப் பழமை

மர்மக்கதையை இகழ்வதும், இகழ்ந்துகொண்டே படிப்பதும் தமிழில் நூறாண்டுக்கு மேற்பட்ட வழக்கம். ஜே. ஆர். ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' 1908இல் வெளிவந்தது. துப்பறியும் கோவிந்தன் என்னும் பாத்திரம் அதன்வழி வீடுவீடாகப் புகழ் பெற்றது. பல பதிப்புகள் கண்ட அந்நாவல் பின்னர்த் திரைப்படமாகவும் ஆயிற்று. மடத்துத் தலைவரின் ஒழுக்கக்கேட்டை வெளிப்படுத்திய அவரது 'சந்திரகாந்தா' 1936இல் படமாயிற்று. வடுவூர் கே. துரைசாமி ஐயங்காரின் 'மேனகா' 1935இல் படமாயிற்று. அவர் படைத்த திகம்பர சாமியார் 1950இல் திரைக்கு வந்தார். ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கில நாவல்களைத் தழுவித் தமிழுக்குத் தந்தார். அவர் தழுவிய ரெயினால்ட்ஸும் தம் நாட்டு அறிஞரால் மதிக்கப்படாதவரே. ஆங்கே மட்டமென்று சொல்லப்பட்டது கடல் கடந்து இங்கே வந்தது, இங்கும் மட்டமென்றே சொல்லப்பட்டது, இங்கும் விற்றது.

அக்காலப் பெரியோர் கவலை மிகுந்து எழுதினர். நாவல் படிக்கும் மாணவன் கெடுவான், பெண் கெடுவாள் என்றனர். இக்கவலைக்கு அடியில் வேறொரு மாற்றம் இருந்தது. அதைத் தம் 'நாவலும் வாசிப்பும்' என்னும் 2002ஆம் ஆண்டு நூலில் ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி எடுத்துக்காட்டியிருக்கிறார். அதுவரை நூல் என்பது உரக்கப் படிக்கப்பட்டது. ஒருவர் படிக்கப் பலர் கேட்டனர். நாவலோ வாய்விட்டுப் படிப்பதைக் கைவிட்டு, தனியே, மௌனமாக, கண்ணால் மட்டும் படிக்கும் பழக்கத்தை வளர்த்தது. எந்த மூத்தவரும் அருகிலிருந்து பொருள் சொல்லாத, எந்த அவையும் மேற்பார்க்காத வாசிப்பு அது.

இச்செய்தி கவிஞர்களுக்கு முக்கியமானது. கவிதைக்கு அவை வேண்டும், செவி வேண்டும், சொல்வார் ஒருவரும் கேட்பார் சிலரும் வேண்டும். மர்மக்கதைக்கு ஒரு விளக்கும் ஒரு திண்ணையும் போதும். அவைக்கு வர உடை வேண்டும், ஓய்வு வேண்டும், அழைப்பு வேண்டும், அங்கே அமர்ந்தால் ஒருவரும் ஏளனமாகப் பார்க்கமாட்டார் என்ற துணிவு வேண்டும். வயலிலிருந்து திரும்பியவருக்கும் ஆலையில் இரவுமுறை முடித்தவருக்கும், சமையற்கட்டை விட்டு வெளியே வர இயலாத பெண்ணுக்கும் இவை எளிதில் வாய்ப்பதில்லை. மர்மக்கதை அவர்களிடம் எந்தத் தகுதியையும் கேட்கவில்லை. எழுத்துக் கூட்டத் தெரிந்தால் உள்ளே வரலாம் என்றது.

கதை செய்த வாக்குறுதி

கிடைப்பது மட்டும் போதுமா? கையில் கிடைத்த எல்லாவற்றையும் மனிதர் முடிக்கும்வரை படிப்பதில்லை. ஆகவே அடுத்த காரணம் கதைக்குள்ளேயே இருக்க வேண்டும்.

மர்மக்கதை முதற்பக்கத்தில் ஒரு கேள்வி கேட்கிறது, கடைசிப் பக்கத்தில் விடை தருவதாக வாக்களிக்கிறது, அவ்வாக்கைக் காப்பாற்றுகிறது. வாழ்க்கையில் விடை கிடைக்கும் கேள்விகள் மிகச் சில. மழை ஏன் பொய்த்தது, வாங்கிய கடன் ஏன் தீரவில்லை, கொடுத்த மனு எங்கே போயிற்று என்பவற்றுக்கு நூறு பக்கத்தில் விடை கிடைப்பதில்லை. கதைக்குள் மட்டும் ஒருவர் வருகிறார்; தடயத்தைப் பார்க்கிறார்; பொய் சொன்னவனைக் கண்டுபிடிக்கிறார். பணக்காரனும் அகப்படுகிறான். இந்த ஒழுங்கு பொய்யென்று வாசகனுக்குத் தெரியும். தெரிந்தும் அதை ஒரு மணி நேரம் துய்க்க விரும்புகிறான். அதனால் அவனை முட்டாள் என்பது நியாயமாகாது.

இவ்வாக்குறுதியைக் காக்கும் தொழில்நுட்பமும் எளிதன்று. தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர் அருந்திச் சிந்திப்பார். அடுத்து அவர் செய்யப்போவதை அறிய வாசகன் காத்திருப்பான். கோவையைச் சேர்ந்த ராஜேஷ்குமார் 1980இல் 'மாலைமதி'யில் வந்த 'வாடகைக்கு ஓர் உயிர்' தொடங்கி 1500க்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார். தொடர்பற்ற இரண்டு நிகழ்ச்சிகளை மாறிமாறிச் சொல்லிச் சென்று இறுதியில் ஒன்றாக முடிச்சிடுவது அவர் கையாண்ட முறை. பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலா இணையும், சுபா என்ற பெயரில் இருவர் சேர்ந்து எழுதிய நரேந்திரன்-வைஜயந்தி இணையும் மாதந்தோறும் திரும்பி வரும் உறவினர்போல் ஆயினர். சின்னப் பத்தி, விரைந்த உரையாடல், ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு முடிச்சில் முடிதல் ஆகிய யாவும் குலுங்கும் பேருந்தில் படிப்பவனை மனத்திற்கொண்டு செய்யப்பட்டவை. இடையில் நிறுத்தம் வந்தாலும் விட்ட இடம் மறக்காது.

மூன்றாவது காரணம் ஒன்றுண்டு. அது பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. மட்டமென்று சொல்லப்பட்ட கதை வாசகனுக்கு ஏதோ அறிந்துகொண்ட நிறைவைத் தந்தது. தமிழ்வாணன் ஆசிரியராக இருந்த 'கல்கண்டு' துணுக்குச் செய்திகளுக்குப் பேர்போனது. அவருடைய துப்பறிவாளர் வெளிநாட்டு நகரங்களையும் சுற்றிக் காட்டினார். ராஜேஷ்குமாரின் கதைகளில் அறிவியற் செய்திகள் அத்தியாயந்தோறும் எட்டிப் பார்த்தன. நஞ்சு எவ்வாறு வேலை செய்யும், கைரேகை எவ்வாறு எடுக்கப்படும் என்பதைக் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்குச் சென்ற ஒருவன் அங்கேதான் படித்தான். அறிஞர் நூல்கள் அவன் அறியாமையை நினைவூட்டின. இக்கதைகள் அவன் அறிவை மதித்தன, அல்லது மதிப்பதுபோல் நடித்தன. நடிப்பாயினும் அம்மதிப்பு அவனுக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை.

வெளியுலகச் சான்றுகள்

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய கதையன்று. 1886இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் பெர்கஸ் ஹியூம் என்பவர் ஒரு குதிரைவண்டியில் நடந்த கொலையைப் பற்றிய நாவலைத் தாமே அச்சிட்டு வெளியிட்டார். பின்னர் அதன் உரிமையை 50 பவுனுக்கு விற்றுவிட்டார். அடுத்த ஆண்டு இலண்டனில் அது இலட்சக்கணக்கில் விற்றது. அதே 1887இல்தான் ஷெர்லாக் ஹோம்ஸின் முதற்கதை வெளிவந்தது. அக்கதை அன்று பெரிதாக விற்கவில்லை. இன்று உலகம் அறிந்தது ஹோம்ஸை. ஹியூமை அறிந்தவர் சிலரே.

அண்மைக் காலச் சான்று டான் பிரௌன் எழுதிய 'டா வின்சி கோட்'. 2003இல் வெளிவந்தது, உலகெங்கும் 8 கோடிப் படிகள் விற்றதாகக் கணக்கிடப்படுகிறது. அதன் நடை தட்டையானது என்று விமரிசகர் பலர் நகைத்தனர். அதன் வரலாற்றுச் செய்திகள் பிழையானவை என்று அறிஞர் பட்டியலிட்டனர். ஆயினும் நூலின் தொடக்கத்திலேயே 'உண்மை' என்று தலைப்பிட்ட ஒரு பக்கம் இருந்தது. பெரிய மனிதர் மறைத்த ஓர் இரகசியம் சாதாரண வாசகனுக்குச் சொல்லப்படுகிறது என்ற எண்ணத்தை அப்பக்கம் உண்டாக்கிற்று. மடத்தின் மறைவை வெளிப்படுத்திய 'சந்திரகாந்தா' ஈர்த்ததும் இவ்வெண்ணத்தாலேயே. எதிர்ப்பு எழுந்தபோது விற்பனை குறையவில்லை, கூடிற்று. 2006இல் அதன் திரைப்படத்தைத் தமிழ்நாடு அரசு தடை செய்தது. சென்னை உயர்நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. நாவலைக் கேள்விப்பட்டிராதவர்களும் அதன் பெயரை அப்போது அறிந்தார்கள்.

இங்கே நான்காவது காரணம் தெளிவாகிறது. ஒரு நூல் சில ஆயிரம் விற்றால் வழக்கமாக நூல் வாங்குவோர் அதை வாங்கினர் என்று பொருள். கோடிக்கணக்கில் விற்றால் வழக்கமாக நூல் வாங்காதவர்களும் வாங்கினர் என்று பொருள். அவர்கள் அந்நூலை நல்ல நாவல்களோடு ஒப்பிடவில்லை. சீட்டாட்டத்தோடும், திரைப்படத்தோடும், அரைத்தூக்கத்தோடும் ஒப்பிட்டார்கள். அவ்வொப்பீட்டில் நூல் வென்றது. விமரிசகன் தராசில் ஒரு தட்டில் இந்நூலையும் மறுதட்டில் மௌனியையும் வைக்கிறான். வாசகன் மறுதட்டில் வைத்தது வெறும் பொழுதை. இருவரும் வெவ்வேறு தராசில் நிறுத்திருக்க, நிறை ஒத்துவரவில்லையே என்று ஒருவரையொருவர் குறை கூறுகிறார்கள்.

விமரிசகர் சொன்னதில் உள்ள உண்மை

இவ்வளவு சொன்னதால் மர்மக்கதைக்கு வக்காலத்து வாங்கியதாகக் கொள்ளலாகாது. விமரிசகர் கூறிய குறைகள் பொய்யானவை அல்ல.

தழுவியதைத் தம்முடையதென்று காட்டிய கதைகள் உண்டு. பெண்ணை அட்டைப்படத்தில் கவர்ச்சிப் பொருளாகவும் உள்ளே பிணமாகவும் மட்டும் கண்ட கதைகள் ஏராளம். மாதக் கெடுவுக்காக அவசரத்தில் எழுதியதால் மொழி தேய்ந்தது. பாத்திரங்கள் பெயர் மட்டும் மாறி மறுபடி வந்தனர்.

இவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. மர்மக்கதை குற்றத்தை ஒரு தனிமனிதன் தலையில் கட்டிவிடுகிறது. அவனுக்கு விலங்கிட்டதும் உலகம் சரியாகிவிடுகிறது. சிற்றூரில் நடக்கும் கொலைக்குப் பின்னால் வரப்புத் தகராறு இருக்கும், சாதி இருக்கும், வட்டி இருக்கும், பேசாமல் பார்த்துக்கொண்டிருந்த ஊர் இருக்கும். குற்றவாளி சிறைக்குப் போன பின்னும் இவை ஊரிலேயே இருக்கும். கதை இவற்றை எல்லாம் வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திக்கொள்கிறது. 'யார்' என்று கேட்கும் கதை 'ஏன்' என்று கேட்பதில்லை. கேட்டாலும் ஒரு வரியில் முடித்துவிடுகிறது. படித்தவன் நிறைவோடு உறங்குகிறான். அந்நிறைவுதான் அதன் வெற்றி. அதுவே அதன் தோல்வி.

பழுவூர் சொல்லும் பாடம்

இதை விளங்கிக்கொள்ள நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. அரியலூரிலிருந்து தஞ்சை நோக்கிச் செல்லும் சாலையில் கீழப்பழுவூர், மேலப்பழுவூர் என்னும் ஊர்கள் உள்ளன. சோழப் பேரரசுக்கு உட்பட்டுப் பழுவேட்டரையர் இருந்து ஆண்ட பகுதி அது. அவர்கள் காலக் கோயில்களும் கல்வெட்டுகளும் அங்கே இன்றும் உள்ளன. ஆனால் தமிழ்நாட்டில் பழுவேட்டரையர் என்ற பெயரை அறிந்தவர்களுள் மிகப் பலர் கல்வெட்டைப் படித்து அறிந்தவர் அல்லர். 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் தொடராக வந்த 'பொன்னியின் செல்வன்' வழியாக அறிந்தவர்கள்.

கல்கியும் அறிஞரிடம் தப்பியவரல்லர். வெகுசன எழுத்தாளர் என்றும், மேனாட்டு நாவல்களின் சாயலில் எழுதியவர் என்றும் தூய இலக்கியவாதிகள் அவரை ஒதுக்கினர். தழுவலைக் கடுமையாக எதிர்த்த புதுமைப்பித்தனுக்கும் அவருக்கும் நடந்த பூசல் இலக்கிய வரலாற்றில் இடம்பெற்றது. 'பொன்னியின் செல்வ'னின் உள்ளே நோக்கினால் மர்மக்கதையின் கருவிகள் அனைத்தும் உண்டு. சுரங்கப்பாதை உண்டு, சதிக்கூட்டம் உண்டு, மாறுவேடம் உண்டு, முடிச்சில் முடியும் அத்தியாயம் உண்டு, நடுவே ஒரு கொலையும் உண்டு.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்பதைக் கல்கி ஐயத்துக்கு இடமின்றி முடித்துவைக்கவில்லை. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டு, கரிகாலனைக் கொன்ற துரோகிகளாக ரவிதாசன், சோமன், பரமேசுவரன் முதலியோரைக் குறிக்கிறது. அவர்கள் எதன்பொருட்டுக் கொன்றனர், யார் தூண்டினர் என்பதை விளக்கவில்லை. வரலாறு விட்ட இடைவெளியை நாவலும் முழுதாக அடைக்கவில்லை. அதனால் நூலை மூடிய பின்னும் வாசகர் வழக்காடுகிறார்கள்; மறுபடியும் எடுத்துப் படிக்கிறார்கள்; பழுவூருக்குப் பயணம் சென்று, கதையில் சதிகாரராக வந்தவர் கல்வெட்டில் எவ்வாறு இருக்கிறார் என்று பார்க்கிறார்கள். 1999இல் கல்கியின் நூல்கள் நாட்டுடைமையான பின் எத்தனையோ பதிப்பகங்கள் அந்நாவலை மலிவு விலையில் வெளியிட்டன. 2022இலும் 2023இலும் அது திரைப்படமாக வந்தது.

மர்மம் ஒரு நூலை விற்கிறது. மர்மம் முழுதும் தீர்ந்த நூல் அத்தோடு கைமாறிப் போகிறது. தீராத ஏதோ ஒன்று எஞ்சி நிற்கும் நூல் வீட்டில் தங்குகிறது. உள்ளே வர வாசல் அகலமாக இருப்பது ஒரு குணம். உள்ளே வந்தவரை மறுபடி வரச் செய்வது வேறொரு குணம். முதற்குணம் விற்பனையைத் தீர்மானிக்கிறது. இரண்டாவது குணம் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

தேய்ந்த சந்தை

மாத நாவல்களுக்கு நேர்ந்தது இக்கருத்துக்குச் சான்று. 1990களின் பிற்பகுதியில் தொலைக்காட்சித் தொடர்கள் வீடுகளை நிறைத்தன. 'தொடரும்' என்ற சொல் தாளிலிருந்து திரைக்குக் குடிபெயர்ந்தது. பின்னர்க் கைபேசி வந்தது. பேருந்துப் பயணத்தின் வெறும் பொழுதையும் எடுத்துக்கொண்டது. கயிற்றில் தொங்கிய நாவல்கள் குறைந்தன. பட்டுக்கோட்டை பிரபாகரும் சுபாவும் திரைக்கும் சின்னத்திரைக்கும் எழுதினர். வெறும் பொழுதோடு போட்டியிட்டு வென்ற நூல், அப்பொழுதை நிரப்ப வேறொன்று வந்தபோது தோற்றது. 2008இல் சென்னையைச் சேர்ந்த பிளாஃப்ட் பதிப்பகம் இக்கதைகளைத் தொகுத்து ஆங்கிலத்தில் வெளியிட்டது. ஒரு காலத்தில் பள்ளிப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படிக்கப்பட்டவை, பிறமொழியாளர் வியந்து பார்க்கும் பழம்பொருளாயின.

ஆனால் இலக்கியக் கழகங்கள் இதில் மகிழ ஒன்றுமில்லை. மாத நாவலை விட்டுச் சென்ற வாசகர் கவிதைக்கு வந்துவிடவில்லை. வாசிப்பையே விட்டுச் சென்றவர் பலர். மட்டமான நூல் மறைந்தால் நல்ல நூல் அவ்விடத்தில் வந்து அமரும் என்று எண்ணியவர்கள் ஏமாந்தார்கள். களை என்று கருதியதைப் பிடுங்கிய இடத்தில் பயிர் முளைக்கவில்லை, நிலமே தரிசாயிற்று. பெரம்பலூர் வட்டாரத்து உழவருக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. விதைக்காத நிலத்தில் எதுவும் விளையாது.

கவிஞர் செய்யக்கூடியது

அப்படியாயின் கவிஞர்கள் கொலைக்கதை எழுத வேண்டுமா? வேண்டியதில்லை. விற்கும் நூலின் உள்ளடக்கத்தைப் படியெடுத்தவர்கள் பெரும்பாலும் விற்பனையையும் இழந்தார்கள், மதிப்பையும் இழந்தார்கள். எடுத்துக்கொள்ளத் தக்கது அதன் சரக்கன்று. அது வாசகனிடம் நடந்துகொண்ட முறை.

தமிழ்ப் புதுக்கவிதைக்குத் தொட்டிலாக இருந்த 'எழுத்து' இதழை 1959இல் தொடங்கியவர் சி. சு. செல்லப்பா. சில நூறு வாசகர்களை நம்பி நடந்த இதழ் அது. தரத்தில் ஓர் இம்மியும் விட்டுக்கொடுக்காதவர் என்று பெயரெடுத்தவர் அவர். அவரேதாம் எழுத்துப் பிரசுர நூல்களைக் கையிற் சுமந்துகொண்டு ஊர் ஊராகச் சென்று, கல்லூரிகளின் வாயிலேறி விற்றார். நூலைத் தாழ்த்தாமலே வாசகன் இருக்குமிடத்துக்கு நடந்து போக முடியும் என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. 1974இல் வந்த மு. மேத்தாவின் 'கண்ணீர்ப் பூக்கள்' பல பதிப்புகள் கண்டது. அதன் தரம் பற்றி இருவேறு கருத்துகள் உண்டு. ஆயினும் கவிதைத் தொகுதி விற்காது என்ற பேச்சை அது பொய்யாக்கிற்று. அதைப் படித்துவிட்டுக் கவிதை எழுத முற்பட்ட இளைஞர்கள் எத்தனையோ பேர்.

ஆகவே இப்பத்தாம் ஆண்டு நிறைவில் கழகத்தார் முன் வைக்கத்தக்க கேள்விகள் சில உண்டு. கழகத்தின் கவிதைத் தொகுதி பேருந்து நிலையக் கடையில் கிடைக்கிறதா? அதன் விலை, ஒரு நாட்கூலியில் எத்தனை பங்கு? கூட்டத்துக்குப் புதிதாக வந்து பின்வரிசையில் அமர்ந்து, கேட்டது புரியாமல் எழுந்து போன ஒருவரிடம், அடுத்த முறையும் வருக என்று சொன்னவர் உண்டா? மர்மக்கதை மட்டும் படித்த ஒருவர் தாம் படித்ததை இங்கே கூச்சமின்றிச் சொல்ல முடியுமா? நகைத்தால் அவர் இரண்டாம் முறை வரமாட்டார். நகைக்காமல், கொலை செய்தவன் அகப்பட்ட பின் கொலையுண்டவள் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று அவரிடமே கேட்டால், அவர் அன்றிரவு அதை எண்ணிக்கொண்டே வீடு திரும்புவார். கதை விடையோடு முடிந்துவிட்டது. அவருக்குள் ஒரு கேள்வி தொடங்கிவிட்டது. கவிதை வேலை செய்யும் இடம் அதுதான்.

மட்டமென்று ஒதுக்கிய கதை மலைபோல் விற்றது, அது மட்டமாக இருந்ததால் அன்று. அது வாசகனிடம் சென்றது. அவனிடம் தகுதி கேட்கவில்லை. ஒரு வாக்களித்து அதைக் காத்தது. அவன் பொழுதை மதித்தது. இந்நான்கும் தாழ்ந்த குணங்கள் அல்ல. உயர்ந்த நூல்கள் இவற்றைத் தாழ்ந்தவை என்று கருதிக் கைவிட்டபோது, மற்றவை எடுத்துக்கொண்டன. கைவிட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தடையேதுமில்லை.

அரியலூர் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருப்பவர் கையிலும், பெரம்பலூரில் பேருந்துக்கு நிற்பவர் கையிலும் இன்று கைபேசி இருக்கிறது. அதற்கு முன் அதே கையில் நூறு பக்க நாவல் ஒன்று இருந்தது. அந்தக் கைக்குக் கவிதை இதுவரை எட்டவில்லை என்றால், குறை கையினுடையதன்று. அடுத்த பத்தாண்டில் அந்தக் கைகளுள் சிலவற்றிலேனும் ஒரு கவிதைத் தொகுதி இருக்குமாயின், இக்கழகத்தின் இருபதாம் ஆண்டு மலர் இதனினும் பெருமையுடையதாக அமையும்.

வாழ்க தமிழ்! வளர்க வாசிப்பு!